சவிரிமுத்துவின் பெயரும் இடியப்பத் தட்டும்

ஊர்காவற்றுறைத் துறையடியில், போன் பேசவும் கடிதம் அடிக்கவும் ஆட்கள் வரும் கொமியூனிகேசன் கடையில் அன்ரனிட்டா தட்டெழுதும் விசைப்பலகையைச் சிவபாதம் மாஸ்ரர் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இடியப்பத் தட்டு என்பார். விரல் வைத்தால் கொழகொழவென்று அமுங்குகிறதாம். கரம்பொன்னில் அவருடைய வீட்டு அலுமாரிக்குள் பதினொரு பழைய விசைப்பலகைகள் சீலைத்துணியில் சுற்றிப் பத்திரமாகக் கிடந்தன. அவருடைய மனிசிக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை என்பது அன்ரனிட்டாவின் கணிப்பு.

2004ஆம் ஆண்டு, போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம். கனடாவிலிருந்து பழைய கூட்டாளி குலசிங்கம் வந்து இறங்கியதும் மாஸ்ரருக்குத் தலைகால் தெரியவில்லை. குலசிங்கத்துக்கும் இதே விசைப்பலகைப் பைத்தியம்தான். அங்கே பழைய கம்பியூட்டர் பிரியர்கள் மாதமொருமுறை மண்டபம் எடுத்துக் கூடுவார்களாம். எந்த விசைப்பலகை உத்தமம், எது குப்பை என்று வாக்கெடுப்பும் நடக்குமாம். ஒவ்வொரு விசைக்கும் அடியில் சுருள்கம்பி வைத்தது முதலிடம், அழிறப்பர் துண்டுகளை ஒட்டியதுபோல் ஒன்று கடைசியிடம். வளர்ந்த மனிதர்கள்! அன்ரனிட்டா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் நிமலினி அழுது வீங்கிய முகத்தோடு கடைக்கு வந்தாள். அவளுடைய தகப்பன் இராயப்பு காலையில் காலமாகியிருந்தார். மரண அறிவித்தல் அடிக்க வேண்டும், அதுவும் இரண்டு மணி வள்ளத்துக்கு முன்னால்.

"எழுவைதீவில பெரியப்பா இருக்கிறார், அக்கா. அப்பப்பா செத்தபோது நோட்டீஸில அவற்ற பேரை விட்டிட்டினம். எழுத்தில என்ர பேர் இல்லாத செத்தவீட்டு வாசலை இனி மிதிக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். பன்ரண்டு வருசம். அப்பா கடைசியா அண்ணை வந்திட்டாரோ எண்டுதான் கேட்டவர்."

அடக்கம் மறுநாள் காலை பத்து மணிக்கு. எழுவைதீவுக்கு நாளுக்கு ஒரே வள்ளம், மறுநாள் விடியத்தான் திரும்பும். வாயால் சொல்லி அனுப்பினால் அந்தப் பெரியப்பா சவிரிமுத்து அசையமாட்டார் என்பது துறையடியில் எல்லோருக்கும் தெரியும். அன்ரனிட்டா விறுவிறுவென்று அடித்தாள். மனைவி, பிள்ளைகள், மருமக்கள், அடக்க விபரம் எல்லாம் முடிந்து சகோதரர் வரிசை மட்டும் மிஞ்சியபோது ஒன்றரை. வள்ளக்காரனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வருவோம் என்று துறைக்கு ஓடினாள்.

திரும்பி வந்தபோது அவளுடைய விசைப்பலகை நிலத்தில் கிடந்தது. மேசையில் செங்கல் பாரத்தில் மாஸ்ரரின் பழசு ஒன்று. குலசிங்கம் இரண்டு கையாலும் டக்கு டக்கென்று அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு எழுத்தும் விழவில்லை.

"உமக்கும் சுகமா இருக்கட்டும் எண்டுதான் மாத்தினனாங்கள், பிள்ளை. இந்தச் சத்தத்தைக் கேளும்," என்றார் மாஸ்ரர்.

"மெசின் ஓடிக்கொண்டிருக்கேக்கையோ வயரைப் பிடுங்கினனீங்கள்?"

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஓடுகிற மெசினில் வயரைக் கழற்றக்கூடாது என்பது, வாக்கெடுப்பு வைத்துத் தரம் பிரிக்கிற நிபுணர்களுக்குத் தோன்றவில்லை. அன்ரனிட்டா தன்னுடையதைத் திரும்பக் கொழுவினாள். அதிலும் விளக்கு எரியவில்லை. பிழை பலகையில் இல்லை, மெசினுக்குள் எதுவோ எரிந்துவிட்டது. குலசிங்கம் மெசினை ஒருக்கால் நிப்பாட்டித் திரும்பப் போடச் சொன்னார். "நிப்பாட்டினால் கீபோட் இல்லையெண்டு பிறகு திறக்காது. தள்ளி நில்லுங்கோ," என்றாள்.

நிமலினி சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள்.

மவுஸ் வேலை செய்தது. கம்பியூட்டருக்குள் மூன்று வருசத்து மரண அறிவித்தல்கள் கிடந்தன. அன்ரனிட்டா அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒருவரிடமிருந்து 'ச' எடுத்தாள், இன்னொருவரிடமிருந்து 'வி', பிறகு 'ரி'. ஒவ்வொரு எழுத்தையும் மவுசால் பிடித்து, பிரதி எடுத்து, கொண்டுவந்து ஒட்டினாள். பின்னால் நின்ற இரண்டு பேரும், சுருள்கம்பி அதிகம் மின்சாரம் இழுக்குமா இல்லையா என்று மெதுவான குரலில் விவாதித்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'து' ஒட்டியபோது இரண்டுக்கு மூன்று நிமிடம் இருந்தது. அச்செடுத்த தாளை நிமலினி மை காயமுன் பறித்துக்கொண்டு ஓடினாள். வள்ளம் கயிறு அவிழ்த்திருந்தது. இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கித்தான் கொடுத்தாளாம்.

மறுநாள் காலை வள்ளத்தில் சவிரிமுத்து வந்தார். சவக்காலையில் தம்பியின் குழிக்குள் முதல் பிடி மண்ணைப் போட்டுவிட்டு, அங்கேயே குந்தியிருந்து குழறி அழுதார்.

பின்னேரம் கடை திறந்ததும் சிவபாதம் மாஸ்ரர் வந்தார். முகம் வாடியிருந்தது. செத்தவீட்டுக்கு அவர் வரவில்லை. மேசையில் கிடந்த தன்னுடைய விசைப்பலகையைத் தூக்கிப் பிரட்டினார், தடவினார், காதுக்குக் கிட்ட வைத்து ஒவ்வொரு விசையாக அமத்திப் பார்த்தார்.

"நேற்று முழுக்க எனக்கு நித்திரையில்லை, பிள்ளை. இதுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

"ஒண்டுமில்லை, மாஸ்ரர்," என்றாள் அன்ரனிட்டா. "செத்தது இராயப்பு அண்ணை மட்டும்தான்."