மாவு கொண்டுவந்தவள்

என் வீட்டுக்காரர் அருணகிரிக்கு வாழ்க்கையில் எல்லாம் இருந்தது, கஷ்டம் ஒன்றுதான் இல்லை. அந்தக் குறையை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அவர் அப்பாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் ரைஸ் மில். செங்கம் ரோட்டில் எங்கள் காபி ஷாப் இருக்கிற கட்டடமும் மாமனார் வாங்கிக் கொடுத்ததுதான். கீழே கடை, மேலே ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகை அறை. விடிந்ததும் மாவரைப்பதில் ஆரம்பித்துக் கல்லாவைப் பூட்டுவது வரை நான் பார்த்துக்கொள்வதால், மனித குலத்தின் துயரத்தைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது.

போன சீசனில் தங்கிய ஒரு ஜெர்மன்காரன் தன் கிடாரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். கூடவே ப்ளூஸ் என்கிற வியாதியையும்.

"ப்ளூஸ்னா சும்மா பாட்டு இல்ல ரேவதி. அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க பருத்திக் காட்டுல அடிமையா கெடந்து, அப்புறம் ஊர் உட்டு ஊர் பொழைக்கப் போயி, அங்கயும் மிதி வாங்கி, அந்த வலியில வந்தது. ஒரே வரிய ரெண்டு தடவ பாடணும். மூணாவது வரியில ஒடைஞ்சு போவணும்."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் சரியான இடத்தில் கண்ணீர் வந்தது. அவருக்குத் திருப்தி. கல்யாணத்துக்கு முன்னால் நானும் வெயிலில் குனிந்து எங்கள் கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்ந்தவள்தான். இடுப்பு வலித்தது. இசை ஒன்றும் வரவில்லை.

அவர் தமிழில் சொந்தமாக ஒரு ப்ளூஸ் கட்டினார். அடுப்பெரியவில்லை, அரிசி இல்லை, பிள்ளை அழுகிறது என்று போகும். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அரிசி ரைஸ் மில்லிலிருந்து மூட்டையாக வரும். இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில் நிறுத்தி, "ரேவதி, டிபன் ரெடியா?" என்று ஒரு குரல் கொடுப்பார்.

மார்கழியில் லொரைன் வந்தார். டெட்ராய்ட் நகரத்தில் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர், கறுப்பினப் பெண்மணி, வயது அறுபதுக்கு மேல். மற்றவர்கள் மலையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவர் சமையலறைக்கு வந்து, ஒரு முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குப் பூண்டு உரித்துத் தந்தார். வாடகைக்கு வருகிறவர்களிடம் பழகிய என் இங்கிலீஷில் பேசிக்கொண்டே, மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் உட்கார்ந்து சாப்பிட்டது அப்போதுதான். அந்த அம்மா கோடை வரைக்கும் இருக்க வேண்டும் என்று அருணாசலேசுவரரிடம் தனியாக மனுப் போட்டிருந்தேன்.

ஒருநாள் பேச்சுவாக்கில், "எங்க அப்பா ப்ளூஸ் பாடுவார். சின்ன பேர்தான், ஆனா பேர் இருந்தது" என்றார். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் முகத்தில் கார்த்திகை தீபம் ஏறியது. லொரைன் அதைப் பார்த்துவிட்டு உடனே சொன்னார், "நான் பாடமாட்டேன். என்னைப் பாடச் சொல்லாத ஊர் வேணும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன். அந்தப் பேச்சு வந்தால் நான் வேற இடம் பார்த்துக்கறேன்."

"யாரும் கேக்கமாட்டாங்க. நான் பொறுப்பு" என்றேன்.

அன்று ராத்திரி இவரிடமும் சொன்னேன். "அவங்க பஸ் ஓட்டனவங்க. உட்டுடுங்க."

"கூச்சப்படறாங்கடி. புலிக்குப் பொறந்தது பூனையாவுமா?"

நம் ஊரில் ஒரு மனிதரின் கூச்சத்தைப் போக்க ஒரே வழி, அவரைக் கேட்காமல் ஃபிளெக்ஸ் வைப்பது. இவர் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் போய், "சோகப் பாட்டுப்பா. பாக்கறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வரணும்" என்று சொல்லி லொரைனின் போட்டோவைக் கொடுத்திருக்கிறார். கண்ணில் தண்ணீர் வரவழைக்க அந்தக் கடைக்காரரிடம் ஒரே ஒரு டிசைன்தான் உண்டு. கறுப்பு பார்டர், நடுவில் போட்டோ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ஓரமாக ஒரு வெள்ளைப் புறா. கீழே "ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, அனைவரும் வருக". செல்போனில் மாதிரியைப் பார்த்து, "செம ஃபீலிங்கா இருக்கு" என்று ஓகே பண்ணியவர் என் வீட்டுக்காரரேதான்.

சனிக்கிழமை ராத்திரி கட்டிவிட்டுப் போனார்கள். ஞாயிறு காலையில் லொரைன் வாக்கிங் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். இந்த ரோட்டில் பிறந்தநாள் பேனர்களைத்தான் அவர் அதிகம் பார்த்திருக்கிறார். "என் பிறந்தநாள் ஆகஸ்டில், ரேவதி" என்றார். நான் வெளியே ஓடிப் பார்த்தேன். அது சாவு பேனர் என்பதை அவரிடம் மறைத்துவிட்டு நேராக இவரிடம் போனேன்.

அவிழ்க்கச் சொல்லிக் கத்தினேன். "சாயங்காலம் ஆளுங்க வராங்க, இப்ப அவுத்தா நல்லாருக்குமா?" என்றார்.

ஆளுங்க வந்தார்கள். ஒரு பக்கம் வெளிநாட்டுக்காரர்கள், கண்ணை மூடிக்கொண்டு, துயரத்தை வாங்கிக்கொள்ளத் தயாராக. இன்னொரு பக்கம் எங்கள் ரோட்டு ஜனம், மாலையோடு. பூ விற்கிற கன்னியம்மாள் கடை வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். லொரைன் தினமும் அவளிடம் ஒரு முழம் வாங்கி, அவள் தலையிலேயே வைத்துவிட்டுப் போவார்.

சத்தம் கேட்டு லொரைன் மாடிப்படியில் இறங்கி வந்தார். கன்னியம்மாளின் அழுகை அப்படியே நின்றது.

"இன்னாம்மா, நீ பூட்டேன்னு இல்ல போட்டுருக்காங்க?" என்றவள் மாலையைத் தூரப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "செத்ததா சேதி வந்தா ஆயுசு கெட்டி. நீ நூறு வருசம் இருப்ப."

நான் மொழிபெயர்த்தேன். லொரைன் முதலில் பேனரைப் பார்த்தார், பிறகு கிடாரோடு நின்ற இவரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். பொறுப்பு என்று சொன்னவள் நான்தானே.

அவர் மைக்கை வாங்கினார். பாடவில்லை, பேசினார். எங்கள் ஜனத்துக்காக நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"எங்க அப்பா சின்ன வயசுல மிசிசிப்பியில் பருத்தி எடுத்தவர். வடக்கே வந்து கார் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கயும் கறுப்பு ஆளைத்தான் முதல்ல வீட்டுக்கு அனுப்புவாங்க. அவர் கஷ்டம் பொய் இல்ல. வீட்ல மாவு இல்லன்னு ஒரு பாட்டு கட்டினார். அன்னிக்கு நிஜமாவே மாவு இல்ல. எங்க அம்மா நாலு வீட்டுத் துணி துவைச்சு மாவு வாங்கிட்டு வந்தாங்க. அந்த ரொட்டியைச் சாப்பிட்டுட்டுத்தான் அவர் பாடப் போனார். மாவு இல்லன்னு ஊரே அழுதது. மாவு கொண்டுவந்தது யாருன்னு எந்தப் பாட்டுலயும் வரல."

கடைசி வரியைத் தமிழில் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் அழுதுகொண்டிருந்தார். அப்பாடா, மண்டையில் ஏறிவிட்டது என்று நினைத்தேன்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கூட்டம் போனதும் நான் லொரைன் அறைக்குப் போய், "போயிடாதீங்க. நீங்க இல்லன்னா எனக்கு யாரும் இல்ல" என்று வாய்விட்டே கேட்டேன். அவர் நகர்ந்து கட்டிலில் எனக்கு இடம் விட்டார். பிறகு, "சொல்லியாச்சு. இனி யாரும் கேக்கமாட்டாங்க. இருக்கேன்" என்றார்.

நான் பறந்துகொண்டே கீழே வந்தேன். இவர் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். "இன்னா மேட்டர்டி அது, மாவு கொண்டாந்தவ. பாட்டு தானா வருது. ஒரு காபி குடு."

இரண்டு நாள் எழுதினார். எட்டு காபி ஆனது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடையில் எல்லார் முன்னாலும் பாடினார். மாவு கொண்டுவந்த ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. அவள் கை வெடிப்பு, சோப்புத் தண்ணீர், அவள் சாப்பிடாமல் எடுத்துவைத்த கடைசி ரொட்டி எல்லாம் இருந்தது. மூன்றாவது வரியில் சொன்னபடியே உடைந்தார். அந்த மனுஷனை எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் பண்ணலாம். ஆனால் பாட்டு நன்றாக இருந்தது. தோசைக் கரண்டியோடு நின்று நானே அழுதேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

லொரைன் முழுவதும் கேட்டார். அர்த்தம் கேட்டார். ஒரு வரி விடாமல் சொன்னேன்.

"நல்ல பாட்டு" என்றார். "எங்க அப்பாவோடதும் நல்லாத்தான் இருக்கும்."

காலையில் அவர் பாண்டிச்சேரி பஸ் ஏறினார். என்னை இறுகக் கட்டிக்கொண்டார்.

"ஏன் போயிட்டாங்க? பாட்டு புடிக்கலயா?" என்று இவர் கேட்டார்.

"ரொம்பப் புடிச்சிருந்துச்சு."

"அப்புறம் இன்னா?"

நாலு டேபிளில் ஆள் உட்கார்ந்திருந்தது. நான் அடுப்பை அணைத்தேன். மேலே போய் லொரைன் காலி செய்த அறையில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படுத்தேன். கீழே ரேவதி, ரேவதி என்று இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை குரல் உடைந்தது. பாடட்டும்.