பாட்டுக்காரர் வீட்டுப் பூசணம்

குளியலறைச் சுவரில் ஆறாவது முறையாகப் பூசணம் முளைத்திருந்தது. குடும்பம் குட்டியோடு மூலைக்கு மூலை குடியேறியிருந்தது. விட்டால் கதவில் பெயர்ப்பலகையே மாட்டிவிடும்.

பாட்டுக்காரர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பிளீச்சிங் தண்ணீர் வாளியோடு ஸ்டூல்மேல் ஏறினார். ஆபீஸில் முப்பத்தைந்து வருஷத்தில் தேயாத தோள்பட்டை இந்தச் சுவரில் தேய்ந்துகொண்டிருந்தது. தேய்த்தால் வெள்ளை வெளேரென்றாகும். பத்தே நாளில் மறுபடி கருக்கும். ஒன்பது மாதம் மழையும் மூன்று மாதம் புழுக்கமுமாக இருக்கிற ஊரில் துண்டுகூடக் காய மறந்துபோகிறது, சுவர் எம்மாத்திரம்.

இந்தத் தடவை விளையாட்டில்லை. மனைவிக்கு இரண்டு மாதமாக இழுப்பு. பூசணம் போகிறவரை வேறெங்காவது இருக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். கூடத்தில் பெட்டி பாதி அடுக்கியபடி கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குக் கிளம்புகிறாள்.

"எப்ப திரும்புவ?"

"என்னை ஏன் கேக்குறீங்க? சுவத்தைக் கேளுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் தனியாகச் சாப்பிட்ட நாட்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதிலும் கட்டைவிரல் மிச்சமிருக்கும்.

ஒழுகும் குழாயைப் பார்க்க வந்த பிளம்பர் அண்ணாந்து சுவரைப் பார்த்தார்.

"தேய்ச்சா மேல இருக்கிறது போகும் சார். ஈரம் எங்க போகும்? வென்டிலேட்டர் எங்க?"

"இந்த பாத்ரூம்ல கிடையாது" என்றார் பாட்டுக்காரர், திரும்பாமலே.

"இருந்துச்சே" என்று கூடத்திலிருந்து இழுப்போடு குரல் வந்தது. "கொசு வருதுன்னு நீங்கதானே பலகை அடிச்சு பெயிண்ட் பூசுனீங்க."

பாவம், கொசுமேல் ஒரு குற்றமும் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன் அவர் குளித்துக்கொண்டே பாடி உச்சஸ்தாயியில் நின்றபோது, வென்டிலேட்டர் வழியே அடுத்த வீட்டம்மா அக்கறையாகக் கேட்டாள்: "அண்ணே, வழுக்கி விழுந்துட்டீங்களா? ஆளை வரச் சொல்லட்டுமா?"

மறுநாளே பலகை ஏறிவிட்டது. அடைத்த அறையில் அவர் குரல் அவருக்கே தேனாக எதிரொலித்தது. தினமும் வெந்நீரும் பாட்டுமாக முக்கால் மணி நேரம். அத்தனை ஆவியும் சுவரில்தான் இறங்கியது.

பாட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து மெல்ல இறங்கினார். பெட்டியைப் பார்த்தார்.

"ஆணி பிடுங்குற சுத்தியல் வச்சிருக்கியாப்பா?"

"அம்மாவைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க" என்றார் பிளம்பர். "நனைச்சுட்டு எடுப்போம், தூள் பறந்தா நெஞ்சுல போய் உக்காந்துக்கும்."

பலகையின் முதுகில் ஒரு கருங்காடே இருந்தது; புலி மட்டும்தான் இல்லை.

ஞாயிறன்று மனைவி கிளம்பினாள். அன்றிலிருந்து ஐந்தே நிமிஷக் குளியல், அதுவும் வாயைத் திறக்காமல். குளித்ததும் வைப்பரால் சுவரை வழித்து, கதவைத் திறந்துவைத்து, ஈரத் துண்டை வெளியே உலர்த்தினார். பத்து நாள் போனது. இருபதும் போனது. சுவர் வெள்ளையாகவே இருந்தது. கட்டைவிரலும் தீர்ந்து, எண்ணக் கால் விரல்களும் போதாமல் போனபோது மனைவி வந்து சேர்ந்தாள்.

மறுநாள் காலை குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"என்ன சத்தத்தையே காணோம்? இருக்கீங்களா?"

"வென்டிலேட்டர் திறந்திருக்கு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"நாலு வருஷமா நான் ஒருத்தியே கேட்டேன். அவங்களும் கொஞ்சம் கேக்கட்டும்." இழுப்பில்லாமல் ஒரே மூச்சில் சொன்னாள். "பாடுங்க. முடிச்சதும் சுவத்தை வழிச்சு விட்டுட்டு வாங்க."

அவர் வைப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு, அடக்கிய குரலில், தாழ்ந்த சுருதியில் பாடத் தொடங்கினார்.