வெளிக்கடல் தண்ணீர்

ராமேஸ்வரம் பஸ் காலை ஆறேகாலுக்கு மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தது. கண்டக்டர் கடைசி சீட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர்க் கேனை இழுத்து ஆனிமேரியிடம் கொடுத்தார்.

"வாரவாரம் இப்படியே கொண்டுபோங்க மேடம். அழகர் எறங்குறதுக்கு வைகையில தண்ணி தேறிரும்."

அவள் சிரித்தாள். இரண்டு நாளில் அவளிடம் பேசிய முதல் ஆள் அவர்.

கேனில் மண்டபத்துக் கடல்நீர். அப்பா ராயப்பன் வள்ளத்தில் தீவைத் தாண்டிப் போய் மொண்டு வாரந்தோறும் அனுப்புவது. பல்கலைக்கழக லேபில் அவள் அதில் பாலிமர் நூலை ஊறப்போடுவாள். ஸ்வெட்டர் பின்னுகிற நூல்தான். கடலில் கரைந்திருக்கும் யுரேனியத்தைப் பிடித்துக்கொள்ளும்படி ரசாயனத்தில் பக்குவப்படுத்தியது. முதலில் பிடிக்கவும் செய்தது. இந்த வருடம் நூல் முழுக்கத் தாமிரம் ஏறிக்கொண்டது, யுரேனியத்துக்கு இடமில்லை. உன் நூலுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை என்றார் கைடு. மாத முடிவுக்குள் பழைய அளவைக் காட்டாவிட்டால் ஆய்வை மூடிவிட வேண்டியதுதான். நூலைத் திரும்பத் திரும்பப் புதிதாகச் செய்து பார்த்தாள். கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். யோசனை கேட்க யாரும் இல்லை.

அன்று நூலைப் போடுமுன், வெறும் தண்ணீரையே கருவியில் வைத்துப் பார்த்தாள். தாமிரம் தண்ணீரிலேயே இருந்தது.

நூல் மேல் தப்பில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. காலி மேஜைகளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

வெளிக்கடலில் இவ்வளவு தாமிரம் கிடையாது. படகின் அடியில் சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசும் பெயின்ட்டில் உண்டு. படகுகள் கட்டிக்கிடக்கும் கரையோரத்தில் மொண்டால் இப்படித்தான் இருக்கும். எப்போதிலிருந்து என்று யோசித்தாள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு மதுரை திரும்பிய வாரத்திலிருந்து.

வெளிக்கடல் தண்ணீர் ஒரு கேன் வந்தால் போதும், ஆய்வு பிழைத்துவிடும். அதைக் கேட்கத்தான் போன் செய்தாள்.

சாப்பிட்டாயா என்றார் அப்பா. கேன் ஒழுகாமல் வந்ததா என்றார். தண்ணீர் எங்கே எடுத்தீர்கள் என்று அவள் கேட்டாள்.

"எப்பவும் போலத்தான். தீவுக்கு அங்கிட்டு. நேத்து நல்ல காத்து, வள்ளம் ஒரு எடத்துல நிக்கல."

பின்னால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மத்தியானத்தில் பார்த்துவந்த சீரியல்.

வெளிக்கடல் தண்ணீரை அவள் கேட்கவில்லை.

"அப்பா," என்றாள். "நீங்க கடலுக்குப் போயி எம்புட்டு நாளாச்சு?"