டாக்டர் வேம்புவின் ஊசி

டாக்டர் வேம்பு போடும் ஊசியின்மேல் முதலில் சந்தேகம் வந்தது அம்மா விஜயலக்ஷ்மிக்குத்தான். பிள்ளை சந்தோஷமாக இருந்ததுதான் காரணம்.

ஹம்சினி என்பது அந்தப் பிள்ளை தானாக வைத்துக்கொண்ட பெயர். மயிலாப்பூரில் அந்த வீட்டுக்கு அவள் ஸ்ரீவத்சன். பதினேழு வயது, பி.காம். முதல் வருஷம். தான் பெண் என்றும், மீசை முற்றுவதற்குள் பெண்களுக்கான ஹார்மோன் மருந்து வேண்டும் என்றும் தொண்ணூற்றாறாம் வருஷக் கோடையில் அவள் சொன்னபோது, அப்பா கல்யாணராமன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். பல வாரங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்டவர் ஒருநாள் தானாகவே வந்து, தி. நகரில் நல்ல டாக்டர் இருக்கிறார், வேண்டியதை அவரிடமே கேட்டுக்கொள் என்றார்.

வேம்பு அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். குறுக்கே பேசவில்லை, சிரிக்கவில்லை.

"நீ கேக்கறது புரியறது. அதையே போடறேன். உங்கம்மாகிட்ட நரம்புக்குன்னு சொல்லிக்கறேன், நீயும் அப்படியே சொல்லு."

அவளை நம்பிய முதல் மனிதர் அவர்தான் என்று ஹம்சினி நினைத்தாள். ஊசி எண்ணெய்போல் கெட்டியாக இறங்கியது. இடுப்பு இரண்டு நாள் வலித்தது. பொறுத்துக்கொண்டாள். வீட்டில் பாட்டு முணுமுணுத்தாள், தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

நரம்பு ஊசிக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா என்று விஜயலக்ஷ்மி யோசித்தாள். இவன் கேட்டதைத்தான் அந்த டாக்டர் ரகசியமாகப் போடுகிறாரோ? சட்டை மாற்றும்போது பிள்ளையின் மார்பைக் கவனிக்க ஆரம்பித்தாள். கணவரிடம் சொன்னபோது, எல்லாம் நன்றாகத்தான் போகிறது, நீ குழப்பாதே என்று அடக்கிவிட்டார். எதையும் சுலபத்தில் நன்றாயிருக்கிறது என்று சொல்லாதவர் அவர். அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

மாதங்கள் போகப்போக ஹம்சினியின் முகம் மிருதுவாகவில்லை. பருக்கள் கிளம்பின. தாடையில் ரோமம் தடித்தது. குரல் இறங்கிக் கரகரத்தது. கேட்டதற்கு, முதலில் அப்படித்தான் இருக்கும், பிறகு திரும்பும் என்றார் வேம்பு. நர்ஸ் எப்போதும் திரைக்குப் பின்னாலேயே மருந்தை ஏற்றி, சிரிஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு வருவாள். பாட்டிலைக் காட்டுங்கள் என்று ஒரு தடவை கேட்டபோது அவள் டாக்டரைப் பார்த்தாள்.

அந்த வாரம் அப்பா ஒரு ஷேவிங் செட் வாங்கி வந்து அவள் மேஜைமேல் வைத்தார். தோளில் தட்டிக்கொடுத்தார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்ததும் ஹம்சினிக்கும் ஊசியின்மேல் சந்தேகம் வந்தது.

அடுத்த முறை அம்மாவும் கூட வந்திருந்தாள். ஹம்சினி ஊசிக்குப் படுக்கவில்லை. பாட்டிலைப் பார்த்தால்தான் ஊசி என்றாள். அம்மா தன்னை அதட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். விஜயலக்ஷ்மியோ, "எனக்கும் பாக்கணும்" என்றாள்.

"ஏன் மாமி, என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்லே."

விஜயலக்ஷ்மியே திரைக்குப் பின்னால் போய் பாட்டிலை எடுத்து வந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்: டெஸ்டோஸ்டிரோன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஹம்சினிக்கு விளங்கியது.

"அம்மா, இது ஆம்பளைகளுக்குப் போடறது. நான் கேட்டது இது இல்லே."

பையனின் நல்லதுக்குத்தான் செய்தேன், அப்பா சம்மதத்தோடுதான் செய்தேன் என்றார் வேம்பு, குரலை உயர்த்தாமல்.

"என்கிட்ட நரம்புக்குன்னேள். இவன்கிட்ட என்ன சொன்னேள்?"

பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு விஜயலக்ஷ்மி வெளியே நடந்தாள்.

பாண்டி பஜாரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது விஜயலக்ஷ்மி மறைக்காமல் சொன்னாள்: "நீ கேட்டதைத்தான் போடறார்னு நெனச்சுண்டேன். அதை நிறுத்தத்தான் இன்னிக்கு வந்தேன்."

ஹம்சினி அவளை விட்டுச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டாள்.

ஊசி நின்றது. வீட்டில் அப்பாவும் அம்மாவும் நாள்கணக்கில் சண்டை போட்டார்கள். பதினெட்டு முடிந்ததும் அடையாறில் ஹாஜிரா என்ற ஹார்மோன் டாக்டரை ஹம்சினியே விசாரித்துக் கண்டுபிடித்தாள். கிளம்பும்போது அம்மாவும் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

இன்றைக்கு மருந்து கிடையாது, ரத்தப் பரிசோதனை வேண்டும், மனநல டாக்டர் ஒருவர் பார்க்க வேண்டும், மாதங்கள் ஆகும் என்றார் ஹாஜிரா. இதுவும் இழுத்தடிப்பதற்கான வழியோ என்று ஹம்சினி அவர் முகத்தையே பார்த்தாள். குரல் திரும்புமா என்று கேட்டாள்.

"இல்லைம்மா. இறங்கின குரலை எந்த மருந்தும் ஏத்தாது."

அவள் அழுதாள். ஆனால் மழுப்பாத அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான், பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கக் கையை நீட்டினாள்.

மாத்திரை கைக்கு வர மறு வருஷம் ஆயிற்று. கல்யாணராமன் அதன்பின் அவளோடு பேசவில்லை. விஜயலக்ஷ்மி ஒவ்வொரு முறையும் அடையாறுக்குக் கூடவே வந்தாள். துணைக்கு வருகிறாளா, காவலுக்கு வருகிறாளா என்று ஹம்சினிக்குப் பிடிபடவில்லை. அவள் கேட்டதும் இல்லை.