நான் நீட்டிய விரல்

என் ஓரகத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனில் வாங்கிய அடியில் தோள் மூட்டு விலகியதிலிருந்து அவளுக்கு வலது கையைத் தூக்க வராது. பத்து மணிக்குக் கோர்ட்டில் தீர்ப்பு. மூன்று வருஷமாவது உள்ளே இருக்கவேண்டி வரும் என்கிறார் வக்கீல். வாசலில் முந்நூறு பேர் நின்று "எங்கள் தலைவி" என்று கத்துகிறார்கள்.

தலைவியாம்! இரண்டு வருஷத்துக்கு முன்னால் சமையலறையில் பல்லியைப் பார்த்தாலே ஊரைக் கூட்டியவள் இவள். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. வாயெல்லாம் எனக்குத்தான், காதுவரைக்கும்.

ஒரே தையல் கம்பெனியில் எங்களுக்கு அடுத்தடுத்த மிஷின். மாடியில் தீப்பிடித்த அன்று அவசரக் கதவை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. மறுநாள் காலை, "அந்தப் பூட்டை உடைக்கிறவரைக்கும் ஒருத்தியும் உள்ள போகாதீங்கடி!" என்று முதலில் கத்தியது யார்? நான்தான். அத்தனை பேரும் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மதியம் போலீஸ் வேன் வந்தது.

"யாரு ஆரம்பிச்சது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் நேராக என் முன்னால் வந்து நின்றார். என் வீரமெல்லாம் எங்கே ஓடி ஒளிந்ததோ, பாவி நான், விரலை நீட்டிவிட்டேன். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள் இவள். என்னைப் பார்த்தாள். பாட்டிலை மூடிக் கீழே வைத்துவிட்டு, "ஆமா, நான்தான்" என்றாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். என் தலைக்கு வந்தது அவள் தோளோடு போயிற்று. இருபது நாள் கழித்து ஜெயிலிலிருந்து ஜாமீனில் வந்தவளை ஊரே தூக்கிவைத்துக் கொண்டாடியது. அதற்குப் பிறகு எந்தக் கம்பெனி வாசலில் பெண்கள் உட்கார்ந்தாலும் இவள்தான் போய் முன்னால் நின்றாள். இவள் மகளுக்கு நாலு வயசு. என் கையால் ஊட்டினால்தான் சாப்பிடும்.

இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும்.

"ஏய், அன்னிக்கு நான் உன்னைக் கைகாட்டினேனே..."

"அதை நெனச்சுக்கிட்டுதான்க்கா இன்னிக்கும் போறேன்."

"என்னடி சொல்ற?"

"எங்க அம்மா, உங்க கொழுந்தன், எல்லாருக்கும் நான் பயந்தாங்கொள்ளிதான். ஆரம்பிச்சது நீங்க. ஆனா முன்னாடி நிக்க என்னைக் காட்டினீங்க. என்னால முடியும்னு முதல்ல நம்பினது நீங்க ஒருத்தர்தான்க்கா. அடி விழும்போதெல்லாம் உங்க விரல்தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு."

அடிப் பைத்தியக்காரி! பயந்துபோய்க் காட்டிக்கொடுத்தேன்டி உன்னை! நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் என் பாரம் இறங்கும், அவள் எதைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுப் படி ஏறுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். இன்றைக்கும் பயம்தான்.

பின்னல் நுனியை இறுக்கிக் கட்டினேன்.

"வலிக்குதுக்கா."

"கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன்.