நடந்து போன பாறை

என் தம்பி கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். எங்கள் ஊரில் பாதிப் பேர் மூக்கின் மேல் அவன் கைவேலைதான் உட்கார்ந்திருக்கிறது. வாயைத் திறப்பதில் மட்டும் மகா கஞ்சன். மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்டு டாக்டரம்மா அவனிடம் கண்ணாடி போட்டுக்கொண்டு போனதிலிருந்து இவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூன்று முறை பஸ் ஏறிப் போனான். மூன்று முறையும், "கண்ணாடி சரியா இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தான்.

பொறுத்துப் பார்த்து அவளே எனக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அடுத்த தடவை அவரைப் பழைய தபால் பாதையில நடந்து வரச் சொல்லுங்க. நாலு நாள் மலையேறி வர்ற மனுஷன் கண்ணாடியை மட்டும் விசாரிச்சிட்டு ஓட மாட்டாரு. கேக்க வேண்டியதைக் கேட்டா பதில் சொல்றேன். பஸ்ஸுல வந்தா கதவே தெறக்க மாட்டேன்."

சாலை வருவதற்கு முன் தபால்காரர்கள் பை தூக்கிக்கொண்டு ஓடிய வழி அது. கருங்கல் பாவியிருக்கும். வழிதவறாமல் இருக்க, இப்போது நடப்பவர்கள் பாறைகளில் சிவப்புப் பெயின்ட்டால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். பாதி வழியில் திரும்பிவிடக் கூடாதே என்று நானும் காவலுக்குக் கிளம்பினேன்.

முதல் மூன்று நாளும் ஏற்றத்தில் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் ஒத்திகை வைத்தேன்.

"நான்தான் டாக்டரம்மா. கேளுடா."

"கண்ணாடி..."

"கண்ணாடில இடி விழ! மறுபடி கேளு."

"உன் மூஞ்சியைப் பாத்து எப்படிக்கா கேக்கறது? சிரிப்பு வருது."

சிரித்த சிரிப்பில் முதுகுப்பை ஒரு பக்கம் சரிய, நான் புல்லில் உருண்டேன். தூக்கிவிட வந்தவனும் உருண்டான்.

நான்காம் நாள், கடைசிக் கணவாயில், எதிரே நிற்பவர் தெரியாத பனிமூட்டம். தம்பி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டான்.

"அதோ பாறை! வட்டம் தெரியுது, வாக்கா!"

போனோம். பாறை இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தது. மறுபடி போனோம். மறுபடியும் தள்ளி.

"என்னடா, கிட்டப் போனா விலகுது?"

"பனியில தூரம் அப்படித்தான் ஏமாத்தும். கண்ணோட சமாச்சாரம், உனக்குப் புரியாது."

பாறை திரும்பிப் பார்த்து, "மே" என்றது.

பனி விலகியபோது எங்களைச் சுற்றி ஒரு மந்தைப் பாறைகள் அசைபோட்டுக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு வட்டம். கருங்கல் பாதை எங்கே போயிற்றோ! கீழே யாரோ தீவன வாளியைத் தட்டினார்கள். அவ்வளவுதான், மந்தை மொத்தமும் சரிவில் பாய்ந்தது. நடுவில் மாட்டிய நாங்களும் பாய்ந்தோம்.

பட்டி வாசலில் கையில் ஊசியோடு டாக்டரம்மா நின்றாள்.

"ஊசி போட்டு, அடையாளத்துக்குப் பெயின்ட்டும் அடிச்சாச்சே, ஏன் திரும்பி..." என்றவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா! எந்த வழியா வந்தீங்க?"

'பாதை வழியா' என்று சொல்லடா என்று தம்பியின் இடுப்பைக் கிள்ளினேன். காரியம் கெட்டுவிடுமே!

"கணவாய் வரைக்கும் பாதைங்க. அப்புறம் உங்க ஆட்டுப் பின்னாடி. பாறைன்னு நெனச்சிட்டேன்."

"ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கறவரு!" அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"விட்ட பாதையை நாளைக்குக் கணவாய்க்குத் திரும்பிப் போய் நடந்து முடிச்சிடறேன். இப்பவே ஒண்ணு கேட்டுக்கறேன். என்னைக் கட்டிக்கறீங்களா?"

ஆடுகள்கூட வாயை மூடிக்கொண்டன.

"கண்ணாடியைப் பத்திக் கேக்கலியே?"

"அது கோணலாத்தான் இருக்கு. அப்புறமா சரி பண்றேன்."

அவள் டப்பாவில் பிரஷ்ஷைத் தோய்த்து அவன் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, சாவகாசமாக ஒரு வட்டம் போட்டாள். அவன் என்னைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தான்.

"இது முடிஞ்சிது. வேற யாரும் புடிச்சிட்டுப் போக முடியாது," என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, அந்த வாளியை எடுத்துட்டு அப்படியே ஓடுங்க. இதுங்களை வெளிய தள்ளணும்."

போனில் 'அக்கா' என்றவள்! வாளியைத் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டே ஓடினேன். வட்டம் போட்டவையெல்லாம் என் பின்னால் ஓடி வந்தன, தம்பி உட்பட.