அவர் உயரத்துக்கு வைத்த கண்ணாடி

என் கணவர் வடிவமைத்த, முன்பாதிக்கு மட்டும் உறை போட்ட பைக், அவர் இறந்த பிறகும் சோதனையில் இருந்தது. மறுநாள் அதன் முன்கண்ணாடிக்கு அச்சு செய்யக் கொடுத்துவிடுவார்கள்; பிறகு அளவை மாற்ற முடியாது. அன்று, அவர் வேலை பார்த்த ஆலையிலேயே சோதனை ஓட்டுநரான என் கொழுந்தன் ஓட்ட, சோதனை ஓட்டங்களில் எப்போதும்போல் நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். வேகம் ஏறியதும் அவன் ஹெல்மெட் கிடுகிடுவென்று ஆடியது. இருப்புக்கொள்ளாமல் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னேன்.

“காத்து தலையிலயே மோதுது. ஏன் யார்கிட்டயும் சொல்லல, தம்பி?”

“அண்ணன் வெச்ச கண்ணாடி, அண்ணி. நான் கைவைக்க மாட்டேன்.”

“உங்கண்ணன் பனைமரம். தன் உயரத்துக்கே அளவெடுத்துட்டார். கண்ணாடிக்கு மேல தாண்டி வர்ற காத்து அவருக்கு நெஞ்சுல பட்டுது, உனக்குத் தலையில படுது. வாங்கப்போறவங்க உன்னை மாதிரி அரைமரம்தானே?”

அவன் சிரிக்கப் பார்த்தான்; முடியவில்லை. பட்டறையில் ஸ்க்ரூடிரைவரை நானே எடுத்து நீட்டினேன். அங்கிருந்த இன்னும் உயரமான கண்ணாடியை அவன் பொருத்தி முடிக்கும்வரை, கழற்றியதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்வதும் எழுவதுமாக இருந்தேன்.